பத்துக் காலடித் தொலைவு

சின் நாட்டு அரசனை நூறு காலடிக்குள் எவரும் நெருங்கக் கூடாது. அவனுடைய அவைக்கூடத்தில் திரைச்சீலைகள் இல்லை; ஒளிந்து நிற்க ஓர் இடுக்கும் இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன் இருவர் வாளோடு உள்ளே புகுந்தார்கள். அவர்களுள் ஒருவனுடைய வாள் அரசனின் கழுத்தைத் தொட்டது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. அந்தக் கூடத்துக்குள் ஒரு சிற்றூர் அதிகாரி அழைக்கப்படுகிறான். அரசனைக் கொல்லத் துடித்த மூவரையும் வீழ்த்திவிட்டதாகச் சொல்லி, அவர்களுடைய ஆயுதங்களைச் சான்றாகக் கொண்டுவந்திருக்கிறான். வானம் என்பவனை வென்றமைக்குப் பரிசாக அரசனை இருபது காலடி வரை நெருங்கலாம். முறிவாளையும் பறக்கும் பனியையும் வென்றமைக்குப் பத்துக் காலடி வரை நெருங்கலாம். வந்திருப்பவனுக்குப் பெயர் இல்லை. பத்துக் காலடிக்குள் நிற்பவனைத் தப்பாமல் குத்தும் வித்தை ஒன்று மட்டும் அவனிடம் இருக்கிறது.

ஜாங் யிமோ இயக்கத்தில் 2002-இல் வெளிவந்த 'ஹீரோ' என்னும் சீனத் திரைப்படம் இவ்வாறு தொடங்குகிறது. பெயரிலியாக ஜெட் லீ, முறிவாளாக டோனி லியுங், பறக்கும் பனியாக மேகி சியுங், வானமாக டானி யென், அரசனாக சென் டாவ்மிங். வாட்சண்டைப் படத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களிடம் நாம் வேண்டுவது சற்றுப் பொறுமை மட்டுமே. அரசன் அநீதி இழைக்கும்போது அவனை எதிர்ப்பதா, ஒழுங்கு குலையாதிருக்கப் பொறுத்துக்கொள்வதா என்ற வினா நம் உலமாக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்துவரும் வினா. அதே வினாவை இப்படம் வாளும் வண்ணமும் கொண்டு கேட்கிறது. கேட்பதோடு நில்லாமல் விடையும் தருகிறது. அந்த விடையைத்தான் நாம் பேச விரும்புகிறோம்.

கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இருபது ஆண்டுகள் கடந்த படத்துக்கு இனி இரகசியம் ஏது? பெயரிலி சொல்வது முழுப் பொய். அவனும் அரசனைக் கொல்லவே வந்தவன். சின் படையால் குடும்பத்தை இழந்த ஜாவ் நாட்டுப் பிள்ளை. மற்ற மூவரும் அவனுக்குப் பத்துக் காலடித் தொலைவைப் பெற்றுத்தரவே தம் ஆயுதங்களையும் புகழையும், தேவையெனில் உயிரையும் கொடுக்க முன்வந்தவர்கள். ஆயினும் இடையில் முறிவாள் மனம் மாறிவிடுகிறான். மூன்றாண்டுகளுக்கு முன் அரசனின் கழுத்தில் வாளை வைத்துவிட்டுக் கொல்லாமல் திரும்பியவன் அவன்தான். இப்போது பெயரிலியையும் தடுக்க முயல்கிறான்; முடியாதபோது மணலில் இரண்டு எழுத்துகளை எழுதிக் காட்டி வழியனுப்புகிறான். 'தியான்சியா' என்பது அச்சொல். வானத்தின் கீழுள்ள அனைத்தும் என்று பொருள். ஏழு நாடுகளும் தமக்குள் போரிட்டு மடிவதைவிட ஒருவனுடைய குடைக்கீழ் ஒன்றாவது மேல். அதைச் செய்ய வல்லவன் இந்த அரசன் ஒருவனே. ஆகவே அவன் வாழட்டும். இதுவே அந்த இரண்டெழுத்தின் உள்ளுறை. பெயரிலி பத்துக் காலடித் தொலைவில் நின்று, கொல்ல முடிந்தும் கொல்லாமல் திரும்புகிறான். வாயிலில் அவன்மீது அம்புமழை பொழிகிறது. அரசன் அவனை வீரனுக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்கிறான்.

இனி வரலாறு சொல்வதைப் பார்ப்போம். கி.மு. 227-இல் யான் நாட்டு இளவரசன் அனுப்ப, ஜிங் கே என்பவன் சின் அரசனைக் கொல்லச் சென்றது உண்மை நிகழ்ச்சி. அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த சிமா சியான் அதை எழுதிவைத்திருக்கிறார். சின் நாட்டிலிருந்து தப்பி வந்திருந்த தளபதி ஒருவன் அரசனுடைய நம்பிக்கையைப் பெற்றுத்தருவதற்காகத் தன் தலையையே கொடுத்தான். அந்தத் தலையையும், சுருட்டிய நிலப்படத்துக்குள் நஞ்சு தோய்த்த குறுவாளையும் ஏந்தி ஜிங் கே அவைக்குள் சென்றான். படத்தை விரித்தபோது வாள் வெளிப்பட்டது. அரசனின் சட்டைக் கை கிழிந்தது. அவன் தூணைச் சுற்றி ஓடினான். அவனுடைய நீண்ட வாள் உறையிலிருந்து வர மறுத்தது. அவையோர் எவரிடமும் ஆயுதம் இல்லை. இருக்கக் கூடாது என்பது அரசனே இட்ட சட்டம். அரண்மனை மருத்துவன் தன் மருந்துப் பையை வீசினான். கடைசியில் அரசன் வாளை உருவி ஜிங் கேயின் தொடையை வெட்டினான். ஜிங் கே தூணில் சாய்ந்து, சிரித்து, ஏசிக்கொண்டே மாண்டான்.

ஜிங் கே தோற்றான். ஆனால் இணங்கவில்லை. கடைசி மூச்சு வரை அவன் அந்த அரசனுக்குப் பகைவனாகவே இருந்தான். ஈராயிரம் ஆண்டுகளாகச் சீனர்கள் அவனை நினைவில் வைத்திருப்பதும் அதனாலேயே. 'ஹீரோ' இந்தத் தோல்வியை எடுத்து, அதன் இடத்தில் ஒரு துறவை வைக்கிறது. முயன்றும் முடியாமல் போனவன், முடிந்தும் செய்யாதவனாக மாறுகிறான். திரைக்கதையில் இது சிறு திருத்தமாகத் தோன்றலாம். படத்தின் அரசியல் முழுவதும் அந்தத் திருத்தத்துக்குள்தான் இருக்கிறது. கொடியவனைக் கொல்ல இயலாது என்று சொன்னால் கேட்பவன் அழுவான், அல்லது சினங்கொள்வான். கொல்லாதிருப்பதே உயர்ந்த வீரம் என்று கொல்லவந்தவன் வாயாலேயே சொல்லவைத்தால், கேட்பவன் தலையசைப்பான்.

சீன வாட்சண்டைக் கதைகளுக்கு வூசியா என்று பெயர். அதில் 'சியா' என்பது ஊர் ஊராய்த் திரிந்து எளியவர்க்காக வாளெடுக்கும் வீரனைக் குறிக்கும். (நம் வாசகர்கள் வேறு சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தியான்சியாவில் வரும் 'சியா'கூட வேறெழுத்துதான்.) அந்த வீரன் அரியணைக்குக் கடன்பட்டவன் அல்லன். கொடுத்த வாக்குக்கும், நட்புக்கும், அநீதி இழைக்கப்பட்டவனின் கண்ணீருக்கும் மட்டுமே கட்டுப்பட்டவன். கிங் ஹு 1967-இல் எடுத்த 'டிராகன் இன்' படத்தில் அதிகார வெறிபிடித்த அரண்மனை அலி ஒருவன் நேர்மையான அமைச்சரைக் கொன்று, அவருடைய பிள்ளைகளையும் கொல்ல ஆள் அனுப்புவான். பாலைவன விடுதி ஒன்றில் நாலு பேர் அந்தப் பிள்ளைகளுக்காக வாளெடுப்பார்கள். அந்த வகைப் படங்களின் மரபு அதுதான். அதில் வளர்ந்த இரசிகனுக்கு, அரசன் முன் வாளைத் தாழ்த்தும் 'சியா' புதியவன்.

சின் நாட்டுச் சிந்தனையாளர்களுக்கு இந்த வீரர்களைக் கண்டாலே ஆகாது. சட்டவாதத்தின் பேராசான் ஹான் ஃபெய், நாட்டை அரிக்கும் ஐந்து வகைப் புழுக்களைப் பட்டியலிட்டபோது, எழுத்தால் சட்டத்தைக் குழப்பும் அறிஞரையும் வாளால் அதை மீறும் இந்த வீரரையும் அதில் சேர்த்தார். படத்தில் முறிவாளும் பறக்கும் பனியும் ஒளிந்து வாழும் இடம் எது? ஜாவ் நாட்டு எழுத்துக்கலைப் பள்ளி. எழுதுகோலும் வாளும் ஒரே கூரையின் கீழ்! ஹான் ஃபெய் வெறுத்த இரு கூட்டமும் அங்கே ஒன்றாயிருக்கிறது. சின் படை அதன்மீது அம்பு பொழிகிறது. கூரை பிளந்து அம்புகள் பாயும்போது மாணவர் சிலர் அஞ்சி எழுகிறார்கள். முதிய ஆசிரியர், அம்புகள் எத்தனை வந்தாலும் ஜாவின் எழுத்தை அழிக்க இயலாது என்று சொல்லிவிட்டு, அமர்ந்து எழுதத் தொடங்குகிறார். மாணவர்களும் திரும்பி வந்து அமர்கிறார்கள். அங்கேயே எழுதிக்கொண்டே சாகிறார்கள்.

ஹான் ஃபெய்யின் முடிவையும் சொல்ல வேண்டும். அவருடைய நூல்களைப் படித்து வியந்த அதே அரசனின் சிறையில்தான் கி.மு. 233-இல் அவர் உயிர் போயிற்று. கொடுங்கோன்மைக்கு இலக்கணம் வகுத்துக் கொடுப்பவர்களுக்கும் அதன் அடியில் இடமில்லை போலும்.

இப்படத்தை நம் வீட்டில் முதன்முதலில் பார்த்தது ஒரு குறுந்தகட்டில். அதன் பிறகு பலமுறை பார்த்தாயிற்று. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன், சென்ற ஆண்டு ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு அதைப் போடச் சொன்னான். அவனுக்கு அதுவே முதல்முறை. படம் முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை. நிலா என்னும் பணிப்பெண்ணும் பறக்கும் பனியும் மஞ்சள் இலைகள் சுழலும் காட்டில் சிவப்பு உடையில் மோதுகிறார்கள். நிலா மடியும் கணத்தில் காடு முழுவதும் குருதி நிறமாக மாறுகிறது. மலைசூழ்ந்த ஏரியின்மேல் இருவர் நீரில் வாள்நுனியை ஊன்றி எழுந்து பறக்கிறார்கள். சதுரங்க விடுதியில் மழை சொட்டச்சொட்ட, பார்வையற்ற முதியவர் நரம்பிசைக் கருவியை மீட்ட, இரு வீரர்கள் கண்மூடி நின்று தம் மனத்துக்குள்ளேயே சண்டையிட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கதைக்கும் ஒவ்வொரு நிறம்: பொய்க்குச் சிவப்பு, அரசனின் ஊகத்துக்கு நீலம், உண்மைக்கு வெள்ளை, கடந்தகாலத்துக்குப் பச்சை. கிறிஸ்டோபர் டாயிலின் ஒளிப்பதிவும் டான் டன்னின் இசையும் சேர்ந்து பார்ப்பவனைக் கட்டிப்போட்டுவிடுகின்றன.

படம் முடிந்ததும் அவன் கேட்டான்: "மாமா, ராஜா சொல்றது சரிதானே? ஒருத்தன் செத்தா ஆயிரம் பேர் பொழைப்பாங்கன்னா, கொல்லாம விட்டது நல்லதுதானே?"

நாம் விடைசொல்லத் தொடங்குமுன், மூலையில் தஸ்பீஹோடு அமர்ந்து அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த உம்மா சொன்னார்கள்: "அந்தப் பொண்ணோட வாப்பாவக் கொன்னவன்தானே அவன்? அவகிட்ட யாராவது கேட்டாங்களா?"

இருபதாண்டுகளாக விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் இந்த ஒரு கேள்விக்கு நிகரானதை நாம் அதிகம் படித்ததில்லை. பறக்கும் பனியின் தந்தை ஜாவ் நாட்டுத் தளபதி. சின் படையோடு பொருது மடிந்தவர். அவளிடம் எவரும் கேட்கவில்லை. முறிவாள் தன்னந்தனியாக முடிவெடுத்தான்; பெயரிலியிடம் சொன்னான்; பெயரிலி அரசனிடம் சொன்னான்; தன்னை உண்மையாகப் புரிந்துகொண்டவன் பகைவன் ஒருவனே என்று அரசன் கண்ணீர் விட்டான். மூன்று ஆண்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு நெகிழ்கிறார்கள். வாப்பாவை இழந்தவள் எங்கோ பாலைநிலத்தில், அரசன் இறந்தானா இல்லையா என்ற செய்தியைச் சொல்லும் கொடியின் நிறத்துக்காகக் காத்து நிற்கிறாள்.

ஜாங் யிமோவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் அரண்மனைக் கலைஞராகப் பிறந்தவர் அல்லர். அவருடைய 'ஜூ டோ', 'ரெய்ஸ் த ரெட் லாண்டர்ன்' ஆகியவை சொந்த நாட்டில் தடையைச் சந்தித்த படங்கள். 1994-இல் அவர் எடுத்த 'டு லிவ்' கான் திரைப்பட விழாவில் பெரும் பரிசு பெற்றது; சீனத்தில் அதைத் திரையிட முடியவில்லை. அதில் ஒரு காட்சி உண்டு. கலாசாரப் புரட்சிக் காலம். ஊமைப்பெண் ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனையில் கிடக்கிறாள். மூத்த மருத்துவர்களை எல்லாம் புரட்சிக்கு எதிரிகள் என்று விரட்டிவிட்டு, அனுபவமில்லாத மாணவிகள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். கணவன் எப்படியோ ஒரு மருத்துவரை அடைப்பிலிருந்து கூட்டிவருகிறான். நாட்கணக்கில் பட்டினி கிடந்த அவர், வாங்கிக்கொடுத்த கொழுக்கட்டை அப்பங்களை ஆவலோடு விழுங்கித் தண்ணீரும் குடித்துச் சுருண்டுவிடுகிறார். அவள் குருதி வடிந்து இறக்கும்போது, அவளைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே மனிதர் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிறார்.

அனைவருக்காகவும் என்று சொல்லி நடத்தப்படும் பெருந்திட்டம் ஒரு வீட்டின் வாசலுக்கு வரும்போது என்ன விலை கேட்கும் என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டியவர், எட்டே ஆண்டுகளில் அந்த விலை தகும் என்று சொல்லும் படத்தை எடுத்தார். 'ஹீரோ'வின் வெளியீட்டு விழா பெய்ஜிங்கில் மக்கள் மாமண்டபத்தில் நடந்தது. அரசியல் நோக்கம் எதுவும் இல்லை என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். அவருடைய நெஞ்சுக்குள் இருப்பதை இறைவன் அறிவான். திரையில் இருப்பதை மட்டுமே நாம் பேச முடியும்.

திரையில் இருக்கும் அரசன் கற்பனை அரசனும் அல்லன். கி.மு. 221-இல் ஆறு நாடுகளையும் விழுங்கிச் சீனத்தின் முதற்பேரரசன் ஆனவன் அவன். கி.மு. 213-இல் நூல்களை எரிக்க ஆணையிட்டான். மறுஆண்டு 460-க்கும் மேற்பட்ட அறிஞர்களைப் புதைத்தான் என்று சிமா சியான் எழுதுகிறார். 1958-இல் மாவோ தம் தோழர்களிடையே பேசுகையில், அந்த அரசனைவிடத் தாம் நூறு மடங்கு மேல் என்ற பொருள்படப் பெருமை பேசினார். ஆகவே ஒரு சீனர் இந்த அரசனைத் திரையில் காணும்போது பழங்கதையை மட்டும் காண்பதில்லை. படத்தில் அரசன் ஒரு செய்தியை வியப்போடு கேட்கிறான்: 'வாள்' என்ற ஒரே சொல்லை வெவ்வேறு நாடுகளில் பத்தொன்பது வகையாக எழுதுகிறார்களாம். இது பெருந்தொல்லை, நாடுகளை வென்றபின் ஒரே எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒழித்துவிடுவோம் என்கிறான். கேட்கும்போது நிர்வாகச் சீர்திருத்தம் போல இருக்கிறது. அம்புமழையில் எழுதியபடி செத்த ஆசிரியரை நினைத்துக்கொண்டால்தான் அதன் பொருள் விளங்கும்.

தங்கை மகனின் கேள்விக்கு வருவோம். அது அற்பக் கேள்வி அன்று. குழப்பத்தின் கொடுமையை அறிந்த சமுதாயம் நாம். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் கொல்லப்பட்ட நாளிலிருந்து, முஸ்லிமின் வாள் முஸ்லிமின்மீது விழுந்த கதைகளைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். கர்பலாவை நினைத்து அழுபவர்களும் நாமே. கிளர்ச்சியின் விளைவை அஞ்சிப் பொறுமையை வலியுறுத்திய இமாம்களின் வழியில் நடப்பவர்களும் நாமே. நம் மரபில் இரண்டு குரல்களும் உண்டு. ஆகவே வாளை உறையில் இடுபவனைக் கோழை என்று ஏசிவிட்டு நாம் எழுந்துபோக முடியாது.

அவனுக்கு நாம் சொன்னது இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்களின் கதை. ஹிஜ்ரி 218-இல், கி.பி. 833-இல், கலீஃபா மஃமூன் உலமாக்களைச் சோதிக்கத் தொடங்கினார். குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை அவர்கள் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். பலர் ஒப்புக்கொண்டார்கள். இமாம் மறுத்தார். மஃமூன் இறந்தபின் முஃதஸிமின் ஆட்சியில் அவரைச் சிறையில் வைத்துச் சாட்டையால் அடித்தார்கள். அப்போதும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வாஸிக்கின் காலத்தில் பக்தாதின் ஃபகீஹ்கள் சிலர் அவரிடம் வந்து, இனியும் பொறுப்பதற்கில்லை, கிளர்ந்தெழுவோம் என்றார்கள். முதுகில் தழும்புகளோடு இருந்த அந்த மனிதர் அதற்கும் மறுத்துவிட்டார். முஸ்லிம்களின் இரத்தம் சிந்தப்படுவதை அஞ்சினார்.

அவரும் வாளெடுக்கவில்லை, பெயரிலியும் வாளைத் தாழ்த்தினான். வெளிப்பார்வைக்கு இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஆனால் இமாமின் வாயிலிருந்து கலீஃபாவுக்குத் தேவைப்பட்ட சொல் கடைசி வரை கிடைக்கவில்லை. பெயரிலியோ அந்தச் சொல்லைத் தானே சுமந்துவந்து அரசனுக்குக் காணிக்கையாகத் தருகிறான். கையை அடக்கிக்கொள்வது வேறு. நெஞ்சை ஒப்படைத்துவிடுவது வேறு. 'ஹீரோ' இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. அழகாகக் குழைத்துவிடுவதால் பார்ப்பவன் கவனிப்பதில்லை. ஏழு நாடுகளும் போரை நிறுத்தட்டும் என்று விரும்புவதற்கு, ஜாவ் நாட்டைக் கொன்றவனே அறத்தின் உருவம் என்று ஏற்கத் தேவையில்லை. "அரசே, உன்னைக் கொல்ல மாட்டேன், ஆனால் நீ செய்தது கொலை" என்று பத்துக் காலடித் தொலைவில் நின்று சொல்லியிருக்கலாம். செத்தவர்களை மறந்துவிடாதே என்று பெயரிலி சொல்வது உண்மைதான். அது வேண்டுகோளாகவே ஒலிக்கிறது. கொடிய ஆட்சியாளன் முன் நின்று உண்மையைச் சொல்வதை நம் நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் தெரியும்.

தங்கை மகன் உடனே விடவில்லை. "அப்படிச் சொன்னாலும் கொன்னிருப்பாங்களே மாமா" என்றான். ஆம். சொல்லாதபோதும் கொன்றார்கள்.

நியாயமாகப் பேச வேண்டுமானால், படத்துக்குள்ளேயே படத்தை எதிர்க்கும் சில இடங்கள் உண்டு. பெயரிலியைக் கொல்ல அரசனுக்கு மனமில்லை. கறுப்பு உடை அணிந்த அவையோர் கூட்டம் அவனைச் சூழ்ந்து, கொல்ல ஆணையிடுமாறு ஒரே குரலில் இறைஞ்சுகிறது. சட்டம் அதைக் கேட்கிறது. வானத்தின் கீழுள்ள அனைத்தையும் ஆளப்போகிறவன், தான் போற்றும் ஒரு மனிதனைக் காப்பாற்ற முடியாமல் கையை உயர்த்துகிறான். ஹான் ஃபெய் வகுத்த இயந்திரம் தன் எசமானனையும் ஒரு பல்சக்கரமாக மாற்றிக்கொண்டுவிட்டது. வரலாற்றில் அதே சட்டம்தான் அந்த வமிசத்தைத் தின்றது. கி.மு. 209-இல் பணிக்கு அனுப்பப்பட்ட கூட்டம் ஒன்று மழையால் தாமதமாயிற்று. தாமதித்தால் மரணம், கிளர்ச்சி செய்தாலும் மரணம் என்ற நிலையில் அவர்கள் கிளர்ச்சியைத் தேர்ந்தார்கள். நிலையான ஒழுங்குக்காக இத்தனை உயிர் கேட்ட பேரரசு, 221-இல் தொடங்கிப் பதினைந்தே ஆண்டுகளில் மறைந்தது. படத்தின் கடைசி எழுத்துகள் பெருஞ்சுவரைச் சொல்கின்றன, இதைச் சொல்லவில்லை.

இன்னோர் இடம் அந்த வாயில். ஆயிரக்கணக்கான அம்புகள் அடர்ந்து குத்தி நிற்கும் கதவின் நடுவே, ஒரு மனிதன் நின்ற அளவுக்கு மட்டும் வெற்றிடம். அங்கே அம்பு இல்லை. அவனைத் துளைத்து அவனோடு போய்விட்டன. அரசனின் அறிவுரைகள் எதையும் விட அந்த மனித வடிவ வெற்றிடம் உரக்கப் பேசுகிறது.

மூன்றாவது, பறக்கும் பனி. கொடியின் நிறத்தைக் கண்டு அரசன் உயிரோடிருப்பதை அறிந்ததும் அவள் முறிவாளின்மீது பாய்கிறாள். அவன் தடுக்கவில்லை, வாளைக் கீழே விட்டுவிடுகிறான். அவளுடைய வாள் அவனுள் இறங்குகிறது. ஏன் தடுக்கவில்லை என்று அவள் கதறும் குரல் அந்தப் பாறைவெளியில் எதிரொலிக்கிறது. பிறகு அவனைப் பின்னிருந்து அணைத்து, அதே வாளைத் தன்னுள்ளும் செலுத்திக்கொள்கிறாள். தன்னைத் தானே மாய்த்துக்கொள்வதை நம் மார்க்கம் ஏற்காது. அதைப் போற்ற நாம் முற்படவில்லை. ஆயினும் படத்தில் தியான்சியாவுக்கு இசையாமல் கடைசி வரை நின்றவர்களுள் நம் நெஞ்சில் தங்குபவள் அவளே. உம்மா தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டுப் பார்த்த ஒரே காட்சியும் அதுதான்.

அமெரிக்காவில் இப்படம் ஏறத்தாழ ஈராண்டு கிடப்பில் கிடந்து, 2004 ஆகஸ்டில் வெளியாகி வசூலில் முதலிடம் பிடித்தது. அங்கு தியான்சியாவை 'நம் நாடு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் மொழிபெயர்த்தார்கள். சொல் சுருங்கிவிட்டது. 'நம் நாடு' என்றால் அதற்கு எல்லை உண்டு. அடுத்தவன் நாடு என்று ஒன்றும் உண்டு. வானத்தின் கீழுள்ள அனைத்துக்கும் எல்லை இல்லை. வெளியே நின்றுகொள்கிறேன் என்று சொல்ல எவருக்கும் இடமும் இல்லை.

அந்த வெளி இல்லாமை என்னவென்று நமக்கு விளக்கத் தேவையில்லை. சீனத்தின் மேற்குக் கோடியில், ஷின்ஜியாங்கில், உய்குர் முஸ்லிம்களுக்கு நேர்ந்ததைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம்: மறுகல்வி என்ற பெயரில் முகாம்கள், பள்ளிகளில் ஒதுக்கப்பட்ட தாய்மொழி, இடிக்கப்பட்ட பள்ளிவாசல்கள். 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அங்கு நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. சீன அரசு அதை மறுத்தது. தீவிரவாதத்தை ஒழிக்கவும் அமைதியை நிலைநாட்டவும் எடுத்த நடவடிக்கைகள் என்பதே அதன் விளக்கம். மணலில் எழுதிய அந்த இரண்டெழுத்து நம் காதில் விழுந்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 4 அன்று பெய்ஜிங்கில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடங்கியது. தொடக்கவிழாவை இயக்கியவர் ஜாங் யிமோ. 2008-இன் தொடக்கவிழாவும் அவருடையதே. கலந்துகொண்ட நாடுகளின் பெயர்கள் பொறித்த சிறு பனித்திவலைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரும் பனித்திவலை ஆயின. வழக்கமான கொப்பரை இல்லை. இறுதிச் சுடரை அந்தப் பனியின் நடுவில் செருகி வைப்பதாக ஏற்பாடு. சுடரை ஏந்திவந்த கடைசி இருவருள் ஒருத்தி டினிகீர் யிலமுஜியாங், உய்குர் இனத்துப் பனிச்சறுக்கு வீராங்கனை, இருபது வயது. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிப்பது நமக்கு முறையன்று. விளையாட்டு வீரர் எவருக்கும் அது வாழ்நாள் பெருமை.

இருவரும் சுடரைப் பனியின் நடுவில் பொருத்தினார்கள். இசை எழுந்தது. பெரும் பனித்திவலை மெல்ல மேலே உயர்ந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த உம்மா, "இந்தப் புள்ளையோட ஊரு எது?" என்று கேட்டார்கள். சொன்னோம்.